எரிந்த கப்பலும் ஒலுவில் துறைமுகமும்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, வியாழக்கிழமை காலை. சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் ஏறத்தாழ 38 கடல் மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்த எம்.ரி. நியூ டயமன்ட் என்ற எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. குவைத்தின் மினா அல் அஹமதியில் மசகு எண்ணெயை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குப் போன கப்பல் அது. உள்ளே கிட்டத்தட்ட 2,70,000 தொன் மசகு எண்ணெய், அது போதாதென்று கப்பலின் சொந்தப் பாவனைக்கான டீசல் 1,700 தொன். மாலுமிகள் 23 பேர்: 18 பேர் பிலிப்பைன்ஸ், 5 பேர் கிரேக்கம். கப்பலில் பறந்தது பனாமா நாட்டுக் கொடி. (நம்ம பொத்துவிலுக்குத் தெற்கே இருக்கிற பாணமை இல்ல. அந்த நாட்கள்ல பேஸ்புக்ல இத வச்சு ஒரு பகிடியே ஓடிச்சு.)

கொதிகலன் வெடித்ததில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். மற்ற 22 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களில் கடுமையாகக் காயப்பட்ட அதிகாரி ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தது எங்கட கல்முனை ஆஸ்பத்திரிக்கு.

இந்தக் கதையை நான் எழுதக் காரணமே அந்தக் கடைசி வரிதான். கொழும்புப் பத்திரிகைகள் கப்பலைப் பற்றி எழுதின, இந்திய டிவிகள் தங்கட கரையோரக் காவல்படையைப் பற்றிச் சொல்லின. உலகத்தின் மிகப் பெரிய ரக எண்ணெய்க் கப்பல்களில் ஒன்று பற்றி எரியும்போது அதன் முதலாவது நோயாளி வந்து இறங்கினது ஒரு கரையோர ஊரின் ஆஸ்பத்திரியில் என்பதை அதிகம் பேர் கவனிக்கல்ல. வந்தது ஒருத்தர் எண்டபடியால் சமாளிச்சாச்சு. 22 பேரும் தீக்காயத்தோட வந்திருந்தா? அதுக்கு யாரிட்ட என்ன திட்டம் இருந்தது?

அடுத்து என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக் கடற்படைக் கப்பல்கள் போயின. விமானப்படை ஹெலிகொப்டரில் தண்ணீர் ஊற்றியது. அம்பாந்தோட்டையில் இருந்து இழுவைக் கப்பல்கள் வந்தன. அந்த நேரம் அம்பாந்தோட்டையில் நின்ற ரஷ்யக் கடற்படைக் கப்பல்களும் போய்ப் பார்த்தன. இந்தியாவில் இருந்து கரையோரக் காவல்படைக் கப்பல்களும் டோர்னியர் விமானமும் வந்தன. தீ அணைந்துவிட்டது என்று அறிவித்தார்கள், ஆனால் 7ஆம் திகதி திரும்பவும் பிடித்துக்கொண்டது. 9ஆம் திகதிதான் முழுதாக அடங்கியது. இடையில் கப்பல் கரைப் பக்கமாக அள்ளுண்டு வர, இழுவைக் கப்பலால் இழுத்து ஆழ்கடலுக்குக் கொண்டுபோனார்கள். கப்பலைச் சுற்றி டீசல் படலம் சில கிலோமீற்றர் தூரத்துக்குப் பரவியது. மசகு எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ போகல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

இப்ப இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருக்கா வாசிங்க. கடற்படை, விமானப்படை, அம்பாந்தோட்டை, ரஷ்யா, இந்தியா. ஒலுவில் எங்க?

ஒலுவிலில் ஒரு துறைமுகம் இருக்கு. சும்மா வள்ளம் கட்டுற இடம் இல்ல, இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் வர்த்தகத் துறைமுகமாகக் கட்டப்பட்டது. டென்மார்க் நாட்டுக் கடனுதவியில், டென்மார்க் கம்பனியொன்று 2008இல் வேலையைத் தொடங்கி, 2013 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். கப்பல் எரிந்தது அது திறந்து கிட்டத்தட்ட சரியாக ஏழு வருஷத்தில். எரிகிற கப்பலுக்கு மிகக் கிட்டவாக இருந்த வர்த்தகத் துறைமுகம் எண்டா அதுதான். அங்கிருந்து அந்தத் தீக்கு ஒரு வாளித் தண்ணியும் போகல்ல.

ஒலுவில் துறைமுகம் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு. அதை நக்கலடிக்க நான் வரல்ல. 1994இல் கப்பல்துறை, துறைமுக அமைச்சராக வந்த அவர் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் இறக்கும்வரை இந்தக் கரைக்கு ஒரு பொருளாதார முதுகெலும்பு வேணும் எண்டுதான் நினைத்தார். அதே ஒலுவிலில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் எங்கட ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர், குறிப்பாகப் பொம்புளப் பிள்ளைகள், பட்டம் முடித்திருப்பார்கள்? ஆக, கனவில் பிழை இருந்ததென்று நான் சொல்லல்ல. கனவு கல்லும் கொங்கிறீட்டுமாக மாறின நேரம் என்ன விடுபட்டது என்பதுதான் கேள்வி.

முதலில் விடுபட்டது மணல். எங்கட கிழக்குக் கரையில் கடலலை மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். அலைதடுப்புச் சுவரைக் கடலுக்குள் நீட்டினால் மணல் தெற்குப் பக்கமும் துறைமுக வாயிலும் தங்கும், வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. வராத மணலுக்குப் பதிலாகக் கடல் காணியைத் தின்னும். அதுதான் நடந்தது. ஒலுவிலின் வடக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் காணியும் கடலுக்குள் போயின. துறைமுக வாயிலோ மண்மேடாகி, ஆழ்கடல் படகுகள் வெளியே போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நின்றன. மீனவர்கள் வாயைத் தோண்டச் சொன்னார்கள். காணி இழந்தவர்கள் தோண்டுவதற்கு முன்னாடி எங்கட கரைக்கு என்ன பதில் எண்டு கேட்டார்கள். ரெண்டு பேர் கேட்டதும் நியாயம். ரெண்டு நியாயத்தையும் எதிரெதிரா நிக்க வச்சது திட்டம் போட்டவங்க. வர்த்தகத் துறைமுகம் என்ற பேர் பலகையில் மட்டும் மிஞ்ச, அதை மீன்பிடித் துறைமுகமாக மாற்றுவதைப் பற்றிய பேச்சு வருஷக்கணக்காக இழுபட்டது.

மணல் கதை எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. இரண்டாவது விடுபட்டதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. துறைமுகம் எண்டா கப்பல் வரும், கப்பல் எண்டா எண்ணெய், எரிபொருள், இரசாயனம், தீ. அப்படியான ஒரு இடத்துக்குப் பக்கத்து ஊர்களில் தீயணைப்பு, அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, கடலில் மீட்புப் பணி எல்லாம் எந்த அளவில் இருக்கவேணும் என்ற கணக்கு ஒலுவிலைப் பற்றி நடந்த இத்தனை வருஷப் பேச்சில் முன்னுக்கு வந்ததே இல்ல. காணி நஷ்டஈடு, வேலைவாய்ப்பு, பெயர்ப்பலகை, அரசியல் உரிமை எல்லாத்துக்கும் சண்டை பிடித்தோம். தீயணைப்பு வாகனத்துக்கு யார் சண்டை பிடிச்சது?

இது ஒலுவிலோடு தொடங்கின பழக்கமும் இல்லை. இந்த மாவட்டமே ஒரு பெரிய திட்டத்தின் பிள்ளை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணையைக் கட்டியது, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. அதுவரை சிறு இடமாக இருந்த அம்பாறை, திட்டத்தின் தலைமையிடமாக வளர்ந்து நகரமானது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோது தலைநகரமும் அதுவே. கச்சேரி அங்கே, மாவட்டப் பொது ஆஸ்பத்திரி அங்கே. சனம் நெருக்கமாக இருந்ததோ நீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நாடா மாதிரிக் கிடக்கிற இந்தக் கரையில். திட்டம் எங்கே உட்கார்ந்ததோ அங்கே சேவைகள் போயின. சனம் எங்கே இருந்ததோ அங்கே பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். கரையோர மாவட்டம் வேணும் எண்டு எங்கட ஆக்கள் கேட்பதைச் சிலபேர் வெறும் இன அரசியல் எண்டு ஒதுக்குறாங்க. ஒரு கையெழுத்துக்காக அம்பாறைக்கு பஸ் ஏறிப் போய்வந்தவங்களிட்ட கேட்டுப் பாருங்க.

அந்த இடைவெளியின் விலை 2004 டிசம்பர் 26ஆம் திகதி தெரிந்தது. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேல். அவ்வளவு பேரும் கரையோரத்துச் சனம்: மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எண்டு வரிசையாக. எங்கட மூத்தம்மா இண்டைக்கும் சொல்லுவா, அண்டைக்கு அம்புலன்ஸ் எண்டா வயல் பக்கத்தால வந்த உழவு மெஷின்தான் எண்டு. பெட்டியில் உயிரோடு இருந்தவங்களும் மையித்தும் ஒண்டாக் கிடந்தாக எண்டு சொல்லிட்டு அதுக்கு மேல பேசமாட்டா. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் பேர் வாசித்தார்கள். பள்ளிக்கூடங்கள் ஆஸ்பத்திரியாகின. முதல் உதவி வெளியில் இருந்து வரவில்லை, பக்கத்து வீட்டில் இருந்து வந்தது.

அதற்குப் பிறகு நாடு ஒன்றுமே செய்யல்ல எண்டு சொன்னா அது பொய். 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற தொலைபேசி எண் வந்தது, கரையோரமாகச் சைரன் கோபுரங்கள் முளைத்தன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில் நிலம் நடுங்கின நேரம் கரையோரச் சனம் அலை வர முதலே வயல் பக்கம் ஓடிவிட்டது. (அலை வரல்ல, ஆனா ஓடினது சரி.) 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு கிழக்குக்கும் வந்தது. எந்த ஊர், எந்த இனம் எண்டு கேக்காம வந்து ஏத்திட்டுப் போற ஒரு அரச சேவை. எனக்கு அதில் உண்மையாகவே மரியாதை இருக்கு.

ஆனால் இந்த எல்லா ஏற்பாடும் சுனாமி, வெள்ளம், வீதி விபத்து ஆகியவற்றை மனதில் வைத்துச் செய்தது. எண்ணெய்க் கப்பல், எரிபொருள் குதம், இரசாயனம் எண்டு வந்தா? இலங்கையில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் வேலை. கல்முனை மாநகர சபைக்கு ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கு. கடைத்தெருவில் தீ எண்டா அந்தப் பிள்ளைகள்தான் ஓடுறாங்க, குறை சொல்ல ஏலாது. ஆனா ஒரு சபையின் வரிப்பணத்தில் ஓடும் பிரிவுக்கு அடுத்த சபை எல்லைக்குள் என்ன பொறுப்பு? கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் சபை பிரிக்கிற சண்டை, கல்முனை வடக்குப் பிரதேச செயலகச் சண்டை, ஒரே ஊரில் ரெண்டு ஆதார ஆஸ்பத்திரி, அதில் எது யாருடையது என்ற புறுபுறுப்பு. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரலாறும் காயமும் இருக்கு, அதை நான் மறுக்கல்ல. ஆனால் 2,70,000 தொன் எண்ணெய் கரைக்கு வந்தால் அது பாண்டிருப்பில் நின்று அனுமதி கேட்டுவிட்டு சாய்ந்தமருதுக்குள் வராது.

வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கக் கிட்டடி உதாரணம் ஒன்று உண்டு. நியூ டயமன்ட் எரிவதற்கு ஆறு கிழமைக்கு முன்பு, 2020 ஜூலை 25ஆம் திகதி, மொரீஷியஸ் தீவில் வகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் ஏறியது. வெளியே கொட்டினது ஏறத்தாழ 1,000 தொன் எண்ணெய்தான். அதுக்கே சனம் கரும்புச் சருகையும் துணியையும் போத்தலையும் வைத்து மிதவைத் தடுப்புத் தைத்துக் கடலில் போட்டது. கரும்புச் சருகு ஹிங்குரானப் பக்கம் எங்களுக்கும் இருக்கு, பிரச்சினை அதில்லை. எந்த முகத்துவாரத்தை முதலில் மறிப்பது, யாருடைய வள்ளம் போவது, டீசலுக்குக் காசு யார் தருவது எண்டு முன்கூட்டியே யாரும் பேசி வைக்காததுதான் பிரச்சினை. களியோடை, திருக்கோவில் பெரிய களப்பு, கோமாரி, பொத்துவில் களப்பு எண்டு இந்தக் கரை முழுக்க வாய்கள். களப்புக்குள் எண்ணெய் ஏறினால் இறால், நண்டு, கண்டல் எல்லாம் போய்விடும். மாரியில் வாடைக் காற்று கரையைப் பார்த்து அடிக்கும் நேரம் இது நடந்திருந்தால் கதை வேறு.

முன்கூட்டியே பேசி வைத்த இடம் உலகத்தில் இருக்கா? இருக்கு, ஆனால் அவர்களும் அடிபட்டுத்தான் பேசினார்கள். அலாஸ்காவில் கோர்டோவா என்று ஒரு மீனவ ஊர். சில ஆயிரம் பேர்தான். 1970களில் எண்ணெய்க் குழாய்த் திட்டம் வரும்போதே அவர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். திட்டம் வந்தது. பக்கத்து வால்டீஸ் துறைமுகத்தில் கசிவு நடந்தால் ஐந்து மணித்தியாலத்தில் போய்ச் சேருவோம் என்று கம்பனிகள் எழுத்தில் உறுதி கொடுத்தன. 1989 மார்ச் 24ஆம் திகதி நள்ளிரவு கழிந்த கொஞ்ச நேரத்தில் எக்ஸன் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெய் கொட்டினபோது, மீட்புக்கான பாதை பழுதாகிச் சேவையில் இல்லாமல் இருந்தது, சில உபகரணங்கள் பனிக்குள் புதைந்து கிடந்தன. ஐந்து மணித்தியாலம் என்பது பதினாலு மணித்தியாலமானது. மீன்குஞ்சுப் பண்ணைகளை எண்ணெயிலிருந்து காப்பாற்றியது கம்பனி அல்ல, கோர்டோவா மீனவர்கள்தான், தங்கட சொந்தப் படகில் போய் மிதவைத் தடுப்பு இழுத்து. ஒருவிதத்தில் அவங்களும் அண்டைக்கு உழவு மெஷினில் வந்தவங்கதான்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1990இல் அமெரிக்கா எண்ணெய் மாசுச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் குடாவில் எண்ணெய் ஏற்றிய கப்பலோடு இழுவைக் கப்பல்களும் துணைக்குப் போகவேண்டும் என்று வந்தது. ஊர்ச் சனத்தின் ஆலோசனை சபை ஒன்று எண்ணெய்க் கம்பனிகளின் காசில், ஆனால் அவர்களின் கட்டுப்பாட்டில் இல்லாமல் உருவானது. நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு வருஷமும் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கப்படுகிறது. அதாவது ஆபத்தைக் கொண்டு வருகிறவன்தான் ஊரின் அவசர சேவைக்கும் காசு கட்டவேண்டும். பிச்சையாக இல்லை, ஒப்பந்தமாக. பூரண வெற்றி என்று சொல்ல முடியாது. 1993இல் அங்கே ஹெரிங் மீன் வளம் சரிந்தது, இன்னும் பழைய நிலைக்கு வரல்ல. ஆனால் அடுத்த முறை எண்ணெய் கொட்டினால் யாருடைய படகு எங்கே போகும் என்று அந்த ஊருக்குத் தெரியும்.

எங்கட பக்கம் நியூ டயமன்டுக்குப் பிறகு நடந்தது வேறு. தீயணைத்த செலவாக 340 மில்லியன் ரூபா கப்பல் சொந்தக்காரரிடம் கேட்கப்பட்டது. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கப்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 மில்லியன் ரூபா தண்டம் கட்டினார். அதெல்லாம் நடந்து முடிந்த செலவுக்கான பில். அடுத்த கப்பலுக்கு இந்தக் கரை தயாராக அதில் ஒரு சதம் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று கேட்க எங்களிடம் ஒரு சபையும் இல்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. எட்டு மாதம் கழித்து, 2021 மே 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தது. 1,486 கொன்டெய்னர், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம். தலைநகரத்தின் வாசலில், நாட்டின் மிகப் பெரிய துறைமுகத்துக்குப் பக்கத்தில் நடந்தும் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. கொழும்புக்கே அந்த நிலை எண்டா கோமாரிக்கு?

நான் கேட்பது பெரிய இழுவைக் கப்பல் இல்லை. துறைமுக வாய் அடைபட்டிருந்தாலும் ஒலுவிலில் ஒரு களஞ்சியம் வைக்கலாம். அதற்குள் களப்பு வாய்களை மறிக்கும் அளவுக்கு மிதவைத் தடுப்பு, நுரைத் தீயணைப்புக் கருவி, முகக்கவசம். கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள மீனவர் சங்கங்களோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம்: இத்தனை படகு, இத்தனை நாள் பயிற்சி, இவ்வளவு கூலி. சபைகளுக்கு இடையில், எல்லை தாண்டித் தீயணைப்பு வாகனம் போகலாம் என்று ஒரு பக்கக் கடதாசி. கல்முனையின் ரெண்டு ஆஸ்பத்திரியும் சேர்ந்து, இருபது தீக்காய நோயாளி ஒரே நேரத்தில் வந்தால் யார் யாரை எடுப்பது என்று வருஷத்துக்கு ஒருக்கா ஒத்திகை. பள்ளிவாசலையும் கோயிலையும் அந்தத் திட்டத்தில் பேர் சொல்லிச் சேர்க்கவேண்டும், ஏனெண்டா சைரன் கோபுரம் பழுதானாலும் அந்த ஸ்பீக்கர் வேலை செய்யும்.

இனி ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி எங்க கூட்டம் நடந்தாலும் மணலைப் பற்றியும் காணியைப் பற்றியும் கேட்கத்தான் வேணும், அது கேட்டு முடியாத கணக்கு. கேட்டு முடிஞ்ச பிறகு கதிரையை மடக்க முதல் இன்னொண்டையும் கேளுங்க: களஞ்சியம் எந்த இடத்தில, ராவு ரெண்டு மணிக்கு அதுட திறப்பு யாரிட்ட?